விண்ணை நோக்குவோரின் இருக்கை

காண்பது கண்ணுக்கும் மனத்துக்கும் உரிய தொழில் என்றும், உடல் அவ்விரண்டையும் சுமந்து நிற்கும் கூடு மட்டுமே என்றும் கருதும் போக்கு மெய்யியல் மரபுகள் பலவற்றில் ஆழ வேரூன்றியிருக்கிறது. அறிவை உயர்த்திப் பேசும் இடங்களில் உடல் பெரும்பாலும் தடையாக வருகிறது. அல்லது மறந்துவிடத்தக்க துணையாக வருகிறது. தொலைநோக்கியின் முன் இரவு முழுதும் இருப்பவரின் செயலை அருகிலிருந்து ஆராய்ந்தால் இக்கருத்து நிலைபெறுவதில்லை. முதுகும் கழுத்தும் முழங்காலும் எந்நிலையில் இருக்கின்றன என்பதே, கண் எதைக் காணும், எதைத் தவறவிடும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. விண்ணை நோக்குபவர் தமக்கு எத்தகைய இருக்கையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்வி தச்சுப்பட்டறைக்கு உரியதாகத் தோன்றினாலும், அதன் அடியில் மிகப் பழைய சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது: மெய்யானதைக் காண விழைபவர் தம் உடலை வருத்த வேண்டுமா, அமைதிப்படுத்த வேண்டுமா?

முதலில் கருவி கேட்பது என்ன என்பதைப் பார்க்க வேண்டும். தொலைநோக்கியின் பெரிய வில்லையோ ஆடியோ திரட்டும் ஒளி, ஐபீஸ் எனப்படும் கண்ணருகு வில்லையைக் கடந்து வெளிவரும்போது மிகச் சிறிய வட்டமாக ஒடுங்குகிறது. எக்ஸிட் பியூப்பில் என்று ஒளியியலில் வழங்கும் இவ்வட்டத்தின் விட்டம், ஆடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துக் கிடைப்பதாகும்; 200 மில்லிமீட்டர் ஆடியில் 200 மடங்கு பெருக்கம் வைத்து வியாழனைப் பார்ப்பவருக்கு அது வெறும் 1 மில்லிமீட்டர். கண்ணின் பாவை அந்தச் சிறு வட்டத்தோடு பொருந்தி நிற்க வேண்டும். தலை சில மில்லிமீட்டர் விலகினால் காட்சியின் ஓரம் இருண்டுவிடும், இன்னும் சற்று விலகினால் கோளே மறைந்துவிடும். குவியத்தூரம் குறைந்த எளிய ஐபீஸ்களில் கண்ணை வில்லைக்கு மிக நெருக்கமாக, சில மில்லிமீட்டர் தொலைவில் வைக்க வேண்டியிருப்பதால் இமைமயிர் கண்ணாடியில் உரசும். குளிர் இரவில் மூச்சுக்காற்று பட்டு அதே கண்ணாடி மங்கும். குனிந்து நின்றபடி இதைச் செய்பவர் இடுப்பில் எழும் சிறு ஆட்டத்தையும் கழுத்தால் ஈடுசெய்ய வேண்டியவராகிறார். சற்று நேரத்தில் கை தன்னையறியாமல் பிடிமானம் தேடிக் குழாயைப் பற்றும். பற்றிய கணமே, கையின் நடுக்கமும் 200 மடங்கு பெருகி, வியாழன் துள்ளத் தொடங்கும்.

இடத்தோடு காலமும் சேர்ந்துகொள்கிறது. விழித்திரையின் கோல் உயிரணுக்கள் இருளுக்குப் பழகி முழுக் கூர்மை பெற 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். மங்கலான ஒண்முகிலைக் காண விரும்புபவர் அதை நேரே பாராமல், பார்வையைச் சற்று ஒதுக்கி, கடைக்கண்ணால் உணர வேண்டும். கண்ணை ஒரு பக்கம் நிறுத்தி, கவனத்தை மறுபக்கம் நிறுத்தும் இந்தப் பழக்கம் தளர்ந்த உடலில்தான் கைகூடும். கோள்களை நோக்குபவருக்கோ வேறொரு காத்திருப்பு உண்டு. பூமியின் வளிமண்டலம் கொதிக்கும் நீர்போல் பிம்பத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. எப்போதோ ஒரு நொடி, சில வேளைகளில் அதற்கும் குறைவான நேரம், அது அடங்கும்போது சனியின் வளையத்தில் உள்ள காசினி இடைவெளி மயிரிழையாகத் தெரிந்து மறையும். அந்த நொடி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும்போது நோக்குபவரின் கண் ஐபீஸில் இருக்க வேண்டும். முதுகைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து நிற்பவருக்கு அது வந்து போனதுகூடத் தெரியாது.

இவ்விடத்தில் வேதாந்த நூலொன்றின் நுட்பமான விவாதம் துணைக்கு வருகிறது. பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்து முதற்பாதம், உபாசனையை, அதாவது ஒரே பொருளின்மீது இடையறாது மனத்தைச் செலுத்தும் தியானத்தை, எந்நிலையில் செய்ய வேண்டும் என்ற கேள்வியை எழுப்பி, அமர்ந்தே செய்ய வேண்டும், ஏனெனில் அமர்ந்தால்தான் அது இயலும் என்று விடை கூறுகிறது. சங்கரர் தம் உரையில் இதற்குத் தரும் காரணம் சடங்கு சார்ந்ததாக இல்லாமல் முற்றிலும் அனுபவம் சார்ந்ததாக இருப்பது வியப்புக்குரியது. நடப்பவரின் மனம் சிதறுகிறது. நிற்பவரின் மனம் உடலைத் தாங்குவதிலேயே ஈடுபட்டிருப்பதால் நுண்ணிய பொருளை நோக்கும் திறனை இழக்கிறது. படுத்திருப்பவரைத் தூக்கம் திடீரென்று ஆட்கொள்ளக்கூடும். அமர்ந்திருப்பவருக்கு இக்குறைகள் எளிதில் விலகுகின்றன என்பது அவர் கருத்து. நுண்பொருளை நோக்குதல் என்று அவர் பேசியது அகத்தில் நிகழும் நோக்கு; எனினும் நிற்பதையே ஓர் உழைப்பாக, மனத்தின் ஒரு பங்கைத் தின்னும் வேலையாக அவர் கண்டது புறநோக்குக்கும் அப்படியே பொருந்துகிறது. அதே பகுதியில் அசைவின்மைக்கு எடுத்துக்காட்டாகப் பூமி கூறப்படுகிறது. பூமி தியானிப்பதுபோல் இருக்கிறது என்ற உபநிடத வழக்கு அங்கே நினைவூட்டப்படுகிறது. தொலைநோக்கியில் கண் வைத்தவருக்கு இது சிந்தனையைத் தூண்டும் செய்தியாகும். பூமியின் சுழற்சியால் நடுவான்கோட்டருகே உள்ள விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி வீதம் நகர்கிறது. வில்நொடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. கால் பாகை அகலமுள்ள காட்சிப்புலத்தை அவ்விண்மீன் ஒரே நிமிடத்தில் கடந்துவிடும். அசைவற்றதாகத் தோன்றும் நிலத்தின்மேல் உட்கார்ந்திருப்பதாலேயே நிலத்தின் அசைவைக் காண முடிகிறது என்பதால், எடுத்துக்காட்டு இங்கே பொய்த்துவிடவில்லை. அதன் பொருள் இன்னும் ஆழமாகிறது.

பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனத்தை, அதாவது இருக்கை நிலையை, நிலைபேறு, சுகம் என்னும் இரண்டே பண்புகளால் வரையறுக்கிறது. பிற்கால ஹடயோக நூல்கள் விரித்துப் பேசும் உடல்முறுக்குகள் எவையும் அந்த வரையறையில் இல்லை. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விளக்கும்போது ஆசனங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும் இடத்தில், சுகாசனத்துக்கும் இடம் தந்திருப்பது இதனோடு ஒத்துச் செல்கிறது. பதஞ்சலியின் இரண்டு பண்புகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன என்பதே கவனிக்க வேண்டியது. சுகம் மட்டும் போதுமென்றால் மெத்தை போதும். அதில் உடல் புதையும், முதுகு சரியும், கண் இடம் மாறும். நிலைபேறு மட்டும் போதுமென்றால் கற்பலகை போதும். அதில் கால்மணி நேரத்தில் தொடை மரத்துப்போய் உடல் தன்னைத்தானே நினைவூட்டத் தொடங்கும். அடுத்து வரும் சூத்திரம், முயற்சி தளர்வதாலும் மனம் எல்லையற்றதில் தோய்வதாலும் இருக்கை நிறைவு பெறுகிறது என்கிறது. அதற்கடுத்தது, அவ்வாறு அமைந்தவரைக் குளிர், வெப்பம் முதலிய இரட்டைகள் தாக்குவதில்லை என்கிறது. பனிக்கால நள்ளிரவில் வெளியே அமர்ந்து வானை நோக்குபவர்கள் கம்பளியைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளாகாது. உடல் தன்னைத் தாங்கிக்கொள்ளச் செய்யும் முயற்சி நின்றால், மீதமுள்ள கவனம் முழுவதும் பொருளின்மேல் செல்லும் என்பதே இதில் கொள்ளத்தக்கது.

கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்துக்குரிய இருக்கையைப் பற்றிக் கூறும்போது, அது தூய இடத்தில், அசையாததாக, மிக உயரமாகவும் மிகத் தாழ்வாகவும் இல்லாமல் அமைய வேண்டும் என்ற விதியைத் தருகிறது. தியானிப்பவருக்கு உரிய உயரம் ஒன்றே. ஒருமுறை அமைத்தால் போதும். தொலைநோக்கியோடு இருப்பவருக்கு அவ்வாறன்று, ஏனெனில் அவர் நோக்கும் பொருள் வானில் ஏறுகிறது, இறங்குகிறது, அதற்கேற்ப ஐபீஸும் இடம் மாறுகிறது. ஆடி அடியில் இருக்க, ஐபீஸ் குழாயின் மேல்முனையில் பொருத்தப்பட்ட நியூட்டன் வகைக் கருவியில், உச்சிவானை நோக்கும்போது ஐபீஸ் மிக உயரத்திலும், அடிவானை நோக்கும்போது தாழ்விலும் நிற்கும். வில்லைத் தொலைநோக்கியில் இது தலைகீழ். ஐபீஸ் கீழ்முனையில் இருப்பதால் பொருள் உச்சிக்கு ஏற ஏற நோக்குபவர் தரையை நோக்கித் தாழ வேண்டியிருக்கும். குவிய விகிதம் 6 கொண்ட 200 மில்லிமீட்டர் நியூட்டன் கருவியை எடுத்துக்கொண்டால், உச்சிவானுக்கு அதன் ஐபீஸ் தரையிலிருந்து ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நிமிர்ந்து அமர்ந்த பெரியவரின் கண் இருக்கைக்கு மேல் சுமார் 75 சென்டிமீட்டரில் இருக்கும் என்பதால், 45 சென்டிமீட்டர் உயரமுள்ள வீட்டு நாற்காலி அந்த ஒரு திசைக்கு மட்டும் சரியாகப் பொருந்தும். கருவி சாயச் சாய, அதே நாற்காலி அவரைக் கூன வைக்கும். மிகை உயரமும் மிகைத் தாழ்வும் தவிர்க்கப்பட வேண்டும் என்ற பழைய விதி இங்கே ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாகக் கணக்கிடப்பட வேண்டியதாகிறது. ஆகவே உயரம் மாற்றக்கூடியதாக இருப்பதே விண்நோக்கு இருக்கையின் முதல் தகுதி.

இத்தேவைக்கு இன்று பல விடைகள் வழங்குகின்றன. டிரம்ஸ் வாசிப்பவர்களின் ஸ்டூலைச் சிலர் பயன்படுத்துகின்றனர்; அது திருகால் ஏறி இறங்கும், மெத்தையும் உண்டு, ஆனால் அதன் உயர வீச்சு குறுகியது. அமர்ந்து இஸ்திரி போடுவதற்கென்று மேலைநாடுகளில் விற்கப்படும் மடக்கு நாற்காலியும் இத்தொழிலுக்கு வந்திருக்கிறது. ஆர்வலர்கள் தம் கையாலேயே செய்துகொள்ளும் மர இருக்கையோ இவ்விரண்டினும் சிறந்தது; அதன் அமைப்பு சற்று விரிவான விளக்கத்துக்குத் தகுதியானது. கூரை வடிவில் விரியும் இரு சட்டங்களில் முன்சட்டத்தின் சாய்ந்த மரங்கள் இரண்டிலும் இருக்கைப்பலகை தொங்குகிறது. பலகையின் பின்புறம் மரத்துக்கு முன்னால் ஒரு குறுக்குக்கட்டையும் பின்னால் ஒரு குறுக்குக்கட்டையும் இருக்கும். ஆளில்லாதபோது பலகையை முன்பக்கம் தூக்கி வேண்டிய உயரத்துக்கு நகர்த்தலாம். ஒருவர் அமர்ந்ததும் அவருடைய எடை பலகையின் முன்பகுதியைக் கீழே அழுத்த, இரு குறுக்குக்கட்டைகளும் மரத்தை எதிரெதிராகக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆணியோ திருகோ தாழ்ப்பாளோ தேவையில்லை. எடை கூடக் கூடப் பிடி இறுகும். பனியில் மரம் ஈரமானால் வழுக்கும் என்பதால் சட்டத்தின் முகத்தில் ரப்பர் பட்டை ஒட்டிக்கொள்வது வழக்கம். உடலின் பாரமே உடலுக்கு நிலைபேற்றைத் தருகிறது என்பதால், நிலைபேறும் சுகமும் தனித்தனியாகத் தேடப்பட வேண்டியவை அல்ல என்ற யோக நூலின் கருத்துக்கு இதைவிடத் தெளிவான கைவேலை விளக்கம் அரிது.

கால்களின் எண்ணிக்கையும் சிந்திக்கத்தக்கது. மூன்று கால்களின் முனைகள் எத்தகைய மேடுபள்ளத்திலும் ஒரே தளத்தில் அமைந்துவிடும் என்பதால் முக்காலி ஆடுவதில்லை. நான்கு கால் நாற்காலி வயல்வெளியில் ஆடும். ஆனால் ஆடாமை வேறு, கவிழாமை வேறு. அமர்ந்தவரின் எடைமையம் கால்முனைகளை இணைக்கும் கோடுகளுக்கு உள்ளே விழும்வரைதான் இருக்கை நிற்கும். முக்காலியில் இரு கால்களுக்கு இடைப்பட்ட பக்கம் மையத்துக்கு மிக அருகில் இருப்பதால், ஐபீஸை நோக்கிச் சாய்பவர் அந்தப் பக்கமாக எளிதில் கவிழ்வார். இருக்கை உயர உயர இவ்வபாயம் பெருகும். உயரத்தில் அமர்பவருக்குப் பாதம் பதிக்க ஒரு கட்டை இல்லையென்றால் தொடையின் அடிப்புறம் நசுங்கிக் கால் மரத்துப்போகும்; பாதம் ஊன்றியிருந்தாலோ, இடுப்பும் இரு பாதங்களும் சேர்ந்து உடலே ஒரு முக்காலியாகிவிடும். இருக்கை தொலைநோக்கியைத் தொடாமலும், அமர்ந்தவர் அதன்மேல் சாயத் தேவையில்லாமலும் அமைய வேண்டும் என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. சாய்ந்துகொள்ளும் ஆசையை அடக்கும் மனவுறுதியைவிட, அந்த ஆசை எழாதபடி அமைந்த பலகை நம்பத்தக்கது.

பெரிய நோக்குக்கூடங்கள் இருக்கையோடு தரையையே உயர்த்திப் பார்த்தன. கலிபோர்னியாவின் லிக் நோக்குக்கூடத்தில் 1888இல் செயல்படத் தொடங்கிய 36 அங்குல வில்லைத் தொலைநோக்கிக்கு, ஐபீஸ் இருக்கும் உயரத்துக்கு நோக்குபவரைக் கொண்டுசெல்ல, நீரழுத்தத்தால் ஏறி இறங்கும் தளம் அமைக்கப்பட்டது. விஸ்கான்சினின் யெர்க்ஸ் நோக்குக்கூடத்தில் 40 அங்குலக் கருவிக்கு இட்ட அத்தகைய தளம் 1897 மே மாதத்தில் இடிந்து விழுந்தது. அவ்வேளையில் யாரும் அதன்மேல் இல்லை.

இதுவரை கூறியவை எல்லாம் சுகத்தின் பக்கம் சாய்ந்தவை. இவற்றுக்கு எதிரான வாதம் வலிமையானது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சமண மரபின்படி மகாவீரர் முழுதுணர்வாகிய கேவல ஞானத்தைப் பெற்றபோது, பால் கறப்பவர் குந்துவதுபோல் குதிகால்களைச் சேர்த்துக் குந்தி, நீரும் உண்ணாத நோன்போடு, வெயிலில் இருந்தார். இருக்கை என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. நெடுநேரம் தாங்க முடியாத நிலையையே அவர் மேற்கொண்டார். உடலை வருத்துவது வினைகளை உதிர்க்கும் என்னும் கோட்பாட்டில் ஊன்றி நிற்கும் அச்சமயத்துக்கு அது முற்றிலும் இசைவானது. அச்சமயத் துறவிகளுக்கென்று புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் குகையில் பாறையை வழவழப்பாகத் தேய்த்து, தலைப்பக்கம் சற்று உயர்த்திச் செய்த படுக்கைகள் இன்றும் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அத்தகைய ஒன்றை அதிட்டானம், அதாவது இருக்கை, என்று குறித்து, அதைச் செய்தளித்தவரின் பெயரையும் சொல்கிறது. உடலை வருத்தும் நோன்பு நோற்றவர்களுக்கும் பாறையைத் தேய்த்து மென்மையாக்கித் தர வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த மென்மை கடும் நோன்பின் நடுவிலேயே இடம்பெற்றிருப்பதால், இவ்விரு நெறிகளையும் நேர்க்கோட்டில் எதிரெதிரே நிறுத்துவது வரலாற்றுக்கும் பொருந்தாது.

புத்தர் வேறு வழி சென்றார். மஜ்ஜிம நிகாயத்தின் மகாசச்சக சுத்தம் தரும் செய்தியின்படி, எலும்பும் தோலுமாகும்வரை உடலை வருத்தியும் தாம் தேடியதை அடையாத அவர், சிறுவனாக நாவல் மரநிழலில் அமர்ந்திருந்தபோது தானாகவே எய்திய இன்பம் நிறைந்த அமைதியை நினைவுகூர்ந்து, தீமையோடும் ஆசையோடும் தொடர்பில்லாத அந்த இன்பத்துக்கு அஞ்சுவது ஏன் என்று தம்மையே கேட்டுக்கொண்டார்; அதன்பின் உணவு கொண்டு, உடலுக்கு வலுவூட்டி, அமர்ந்தார். அவருடைய சங்கத்து ஒழுக்க விதிகளோ உயர்ந்த, ஆடம்பரமான ஆசனங்களையும் படுக்கைகளையும் விலக்குகின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது விண்நோக்கு இருக்கைக்கு வேண்டிய அளவுகோல் கிடைக்கிறது. அமர்பவரின் மதிப்பை உயர்த்திக் காட்டும் ஆசனம் அவருடைய கவனத்தை அவர்மீதே திருப்புகிறது. அவரை வருத்தும் ஆசனமும் அதையேதான் செய்கிறது. கவனத்தைத் தன்மேல் ஈர்க்காத சுகம் எதுவோ, அதுவே அஞ்சத் தேவையற்ற சுகம்.

விண்ணியலின் வரலாற்றில் துன்பத்தைப் போற்றும் கதைகள் பல உண்டு. வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தின் குளிர் இரவுகளில் உயர்ந்த சாரங்களின்மேல் நின்றபடி வானை ஆராய்ந்து, ஏறத்தாழ 2,500 ஒண்முகில்களையும் விண்மீன் கூட்டங்களையும் பட்டியலிட்டார். அவருக்குத் துணைநின்ற தங்கை கரோலின் ஹெர்ஷல் 1783 டிசம்பர் 31 இரவில் பனியில் வழுக்கி விழுந்து, கருவியின் இரும்புக் கொக்கி தொடையில் பாய்ந்து படுகாயமுற்றார். பலோமர் மலையில் 1948இல் திறந்துவைக்கப்பட்ட 200 அங்குலத் தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில், குழாயின் உள்ளேயே தொங்கும் கூண்டில், மின்வெப்ப உடை அணிந்து இரவெல்லாம் அமர்ந்திருந்தவர்களும் உண்டு. இவர்களைப் போற்றாமலிருக்க முடியாது. ஆனால் அவர்களுடைய கண்டுபிடிப்புகள் துன்பத்திலிருந்து பிறந்தன என்று கொள்வது தவறு. துன்பம் அவர்கள் கொடுத்த விலை. வேறு வழி இருந்த இடங்களில் அவ்விலையைக் குறைக்க அவர்களே முயன்றார்கள்; குளிர்காக்கும் உடையும் கூண்டில் இட்ட இருக்கையும் அம்முயற்சியின் சான்றுகள்.

கவனத்தை ஈர்க்காத சுகம் என்று மேலே கூறியதை ஐரோப்பிய மெய்யியல் இருபதாம் நூற்றாண்டில் வேறு வழியில் சென்றடைந்தது. மெர்லோ பாந்தி 1945இல் வெளிவந்த தம் நூலில், பார்வையற்றவர் கையிலுள்ள கோல் அவருக்கு ஒரு பொருளாகத் தோன்றுவதில்லை, அதன் நுனி அவருடைய தொடுபுலனின் எல்லையாகிவிடுகிறது என்று காட்டினார். மருத்துவரும் மெய்யியலாளருமான டிரூ லெடர், 1990இல் எழுதிய நூலில், நலமாக இருக்கும் உடல் தன் செயலின்போது தன்னை மறைத்துக்கொள்கிறது என்றும், வலியிலும் களைப்பிலும்தான் அது தடையாக முன்னே வந்து நிற்கிறது என்றும் விளக்கினார். இருக்கையின் வெற்றி, அமர்ந்தவருக்கு அது மறந்துபோவதில் இருக்கிறது. முதலில் பலகை மறைகிறது, பிறகு முதுகு மறைகிறது, ஐபீஸின் விளிம்பும் மறைந்து, கோள் மட்டும் எஞ்சுகிறது. இதை உடலிலிருந்து விடுபட்ட ஆன்மாவின் காட்சி என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அங்கே உடல் விலகிச் செல்லவில்லை, தன் வேலையைக் குறையின்றிச் செய்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு கூறியபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் தம் சொந்த நோக்குக்கூடத்தை நிறுவிய பெர்சிவல் லோவெல், 24 அங்குல வில்லைத் தொலைநோக்கியின் கீழ் மர இருக்கையில் நேர்த்தியாக அமர்ந்து, பகலொளியில் வெள்ளியை நோக்கும் ஒளிப்படம் புகழ்பெற்றது. அத்தகைய இருக்கையிலிருந்து செவ்வாயில் கால்வாய்களைக் கண்டதாக அவர் ஆண்டுக்கணக்கில் வரைந்தார். 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்களே இருந்தன. வெள்ளியின்மேல் சக்கரத்தின் ஆரங்கள்போல் கோடுகளையும் அவர் கண்டார். முகப்பைப் பெரிதும் குறுக்கி நோக்கியதால் எக்ஸிட் பியூப்பில் மிகச் சிறிதாகி, அவருடைய விழித்திரையின் இரத்தக்குழாய்களின் நிழலே அவருக்குக் கோளின் முகமாகத் தெரிந்திருக்கலாம் என்று பிற்காலத்தார் விளக்கினர். அவ்விளக்கம் சரியெனில், அசையாமல் அமர்ந்த ஒருவர் நெடுநேரம் தம் கண்ணின் உட்புறத்தையே கண்டுகொண்டிருந்தார் என்றாகிறது. நல்ல இருக்கை ஒரு தடையை மட்டும் நீக்குகிறது. காண விரும்பியதைக் காணும் மனத்தின் போக்கை அது தொடுவதில்லை. யோக மரபில் ஆசனம் எட்டு உறுப்புகளில் மூன்றாவதாக மட்டும் வைக்கப்பட்டு, அதற்கு முன்னே வாய்மை உள்ளிட்ட ஒழுக்கங்கள் வைக்கப்பட்டதன் காரணம் இங்கே விளங்குகிறது.

எல்லா நோக்கும் அமர்ந்துதான் நிகழ வேண்டும் என்று கொள்ளவும் இயலாது. இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் பயன்படுத்தும், எளிய மரப்பெட்டியில் சுழலும் டாப்சோனியன் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன், 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்து, தொலைநோக்கி செய்து ஊராருக்கு வானைக் காட்டுவதில் கொண்ட தீராத ஈடுபாட்டின் காரணமாக 1967இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தவர். அடுத்த ஆண்டு உருவான நடைபாதை விண்ணியலாளர் குழுவோடு சேர்ந்து, தெருவோரம் கருவியை நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் அழைத்து நிலவைக் காட்டினார். அங்கே வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவராக வந்து, சில நொடி பார்த்து, வியந்து நகர்ந்தார்கள். உயரமான கருவிகளுக்கு ஏணியில் ஏறினார்கள். கோயிலில் கருவறை முன் நின்று தீபாராதனையின் ஒளியில் கணநேரம் தரிசனம் பெறுபவர்களும், பின்னர் பிரகாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுச் செல்பவர்களும் ஒரே அன்பர்கள்தான். நிற்றல் பலரோடு பகிர்வதற்கு உரியது, அமர்தல் கண்டது உள்ளே இறங்குவதற்கு உரியது. டாப்சனின் தெருவில் நாற்காலி போட்டிருந்தால் வரிசை நகர்ந்திருக்காது. ஆனால் அந்தச் சில நொடிகளில் நிலவின் பள்ளங்களைக் கண்டு மனம் பறிகொடுத்தவர், பின்னர் தமக்கென ஒரு கருவி வாங்கும்போது, அதனோடு ஓர் இருக்கையையும் தேடத்தான் வேண்டும். வாங்குபவர்களுள் பலர் பணம் முழுவதையும் ஆடிக்கும் ஐபீஸுக்கும் செலவழித்துவிட்டு இருக்கையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இது வருந்தத்தக்கது, அவர்கள் ஆடிக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி, குனிந்து நிற்கும் முதுகில் வீணாகிறது.

பொதுவாக இருக்கையே கருவிக்கு ஏற்ப மாறுகிறது. கருவி இருக்கைக்கு ஏற்ப மாறிய ஓர் அரிய எடுத்துக்காட்டும் உண்டு. நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்ற பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித், 1840களில் தாம் கட்டிய 20 அங்குல ஆடித் தொலைநோக்கியில், ஒளியை மூன்றாம் ஆடி ஒன்றால் பக்கவாட்டில் திருப்பி, குழாய் சுழலும் உள்ளீடற்ற அச்சின் வழியே வெளியே கொண்டுவந்தார். குழாய் எவ்வளவு ஏறி இறங்கினாலும் ஐபீஸ் அதே உயரத்தில் நிற்கும். கருவியோடு சேர்ந்து சுழலும் தளத்தில் இட்ட இருக்கையில் அமர்ந்தவர், எழுந்திருக்காமலேயே கைச்சக்கரங்களைத் திருப்பி வானின் எப்பகுதிக்கும் செல்ல முடியும். ஒரு மனிதர் வசதியாக உட்காருவதற்காக எழுந்த அந்த அமைப்பு, நாஸ்மித் குவியம் என்ற பெயரோடு ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கிகளிலும் சிலியிலுள்ள விஎல்டி தொலைநோக்கிகளிலும் இன்று இருக்கிறது. ஆள் அமர்ந்த இடத்தில் டன் கணக்கில் எடையுள்ள நிறமாலைமானிகள் நிற்கின்றன.

கண்ணால் நோக்கும் பழக்கம் தொழில்முறை விண்ணியலில் இல்லாமற் போய்விட்ட போதிலும், நாஸ்மித்தின் கருத்து வேறோர் இடத்தில் இன்றும் தேவைப்படுகிறது. ஏணியில் ஏற முடியாத முதியவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும், இருக்கை தேர்ந்தெடுக்கப்படும் ஒன்றன்று. அது முன்பே முடிவாகிவிட்டது, எனவே ஐபீஸ்தான் அவரைத் தேடி வர வேண்டும். ஒளியைப் பல ஆடிகளால் திருப்பி நீண்ட கைபோன்ற குழாய் வழியே ஐபீஸை அவருடைய கண்ணுக்குக் கொண்டுவரும் துணைக்கருவிகள் பொதுமக்களுக்கான நோக்குக்கூடங்கள் சிலவற்றில் உள்ளன. தியானம் அமர்ந்தே செய்யத்தக்கது என்று முடிவு கூறிய அதே பிரம்ம சூத்திரப் பகுதி, இடத்தையும் திசையையும் காலத்தையும் பற்றிய கேள்விக்கு வரும்போது விதி எதையும் இடாமல், எங்கே மனம் எளிதில் ஒருமுகப்படுகிறதோ அங்கே என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறது. டிசம்பர் நடுவில் ஜெமினிட் எரிமீன் பொழிவைக் காண்பவர்களுக்கு வான் முழுதும் ஒரே பார்வையில் வேண்டும். அவர்கள் சாய்வு நாற்காலியிலோ பாயிலோ மல்லாந்து படுத்தே நோக்குகிறார்கள், சங்கரர் சுட்டிய தூக்கத்தின் அபாயத்தை ஏற்றுக்கொண்டு, ஒருவரையொருவர் பேசி விழிக்கவைத்தபடி.